முதல் சுற்றில் ரிசீவரா? லைனைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்

ஏப்ரல் நெருங்கினால் போதும், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கிற கொஞ்சப் பேருக்குள்ளும் இதே வாக்குவாதம்தான். டிராஃப்டின், அதாவது டீம்கள் முறைவைத்துப் புதிய கல்லூரி ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்கிற நிகழ்வின், முதல் சுற்றில் எறிகிற போலைப் பிடிக்கிற வைட் ரிசீவரை எடுக்கலாமா, கூடாதா? என் கட்சி இது: போலை எறிகிற குவாட்டர்பேக்குக்கு முன்னால் அவரைப் பாதுகாத்து நிற்கிற ஐந்து பேர், அதாவது லைன், சரியில்லாத டீம் ரிசீவர் பக்கமே போகக்கூடாது. லைன் சரியாக இருக்கிற டீம் எடுக்கலாம், ஆனால் ஓட்ட வேகத்துக்காக எடுக்கக்கூடாது.

கண்டி நித்தவெலயிலோ டிக்கோயா தரவளையிலோ ரக்பி பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஃபார்வர்ட்ஸ் போலை வென்று கொடுக்காவிட்டால், விங்கில் நிற்கிறவன் எவ்வளவு பெரிய ஓட்டக்காரனாக இருந்தாலும் மழையில் நனைந்துகொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான்.

2021 டிராஃப்டை எடுத்துக்கொள்வோம். இந்தச் சண்டைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு 5ஆவது தெரிவு. அவர்களுடைய குவாட்டர்பேக் ஜோ பரோ முந்தின சீசனில்தான் அடிபட்டு முழங்கால் பிய்ந்து வெளியே போனவர். அதனால் ‘டெக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்கிறவர்) பெனே சூவலை எடு’ என்று ஒரு கூட்டமே கத்தியது. பெங்கால்ஸ் எடுத்தது ஜமார் சேஸை, லூசியானா ஸ்டேட் கல்லூரி டீமில் பரோவோடு ஒன்றாக ஆடிய ரிசீவரை. சூவல் 7ஆவது தெரிவாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார்.

சேஸ் முதல் சீசனிலேயே 1,455 யார்ட், 13 டச்டவுன். பெங்கால்ஸ் சூப்பர் போல் என்கிற இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. ‘பார்த்தியா, ரிசீவர்தான் சரி’ என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த சீசனில் பரோ 51 தடவை சேக் ஆனார், அதாவது எறிவதற்குள் பிடிபட்டு விழுந்தார், லீக்கிலேயே அதிகம். பிளேஓஃபில் டென்னசியோடு நடந்த ஒரே மெட்சில் 9 தடவை. அதில் எப்படியோ 19–16 என்று தப்பினார்கள். சூப்பர் போலில் மறுபடி 7 தடவை.

அந்த சூப்பர் போலின் கடைசி ஆட்டத்தைத் தேடிப் போட்டுப் பாருங்கள். ரேம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, தேவை ஒரே ஒரு யார்ட். சேஸ் தன்னை மறித்து நின்ற ரேம்ஸின் ஜேலன் ராம்சியைத் தாண்டி வெட்டவெளியில் ஓடுகிறார். போல் அவர் கைக்குப் போயிருந்தால் கதையே வேறு. ஆனால் பரோ அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதற்குள் ரேம்ஸின் எரன் டொனல்ட் பெங்கால்ஸ் லைனை உடைத்துக்கொண்டு வந்து அவரைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். சுழன்றபடியே எறிந்த போல் தரையில் விழுந்தது. 5ஆவது தெரிவைக் கொட்டி எடுத்த ஆள் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். அவருக்கு எறியப் பரோவுக்கு நேரம்தான் இல்லை.

லயன்ஸ் பக்கம் நடந்ததைப் பலர் பேசுவதில்லை. சூவலை எடுத்த அதே டிராஃப்டில், நான்காவது சுற்றில், 112ஆவது தெரிவாக அமோன்-ரா செயின்ட் பிரவுன் என்ற ரிசீவரை எடுத்தார்கள். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் போய்விட்டார்கள். அந்த 16 பெயரையும் இன்றைக்கும் வரிசையாக ஒப்பிப்பார், அவ்வளவு கோபம். 2023 சீசனில் 119 கேட்ச், 1,515 யார்ட். சூவல் அதே சீசனில் ஓல்-புரோ (அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள்) முதல் அணி. லயன்ஸ் சூப்பர் போலுக்கு முந்தின படியான என்எஃப்சி இறுதிக்குப் போய் சான் பிரான்சிஸ்கோவிடம் 34–31 என்று தோற்றது. தோல்விதான், ஆனால் டெட்ராய்ட் எங்கே கிடந்த டீம் என்று தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அந்த டீம் முதல் சுற்றில் ரிசீவர் எடுத்து எடுத்தே நொந்த டீம். 2003இல் 2ஆவது தெரிவு, 2004இல் 7ஆவது, 2005இல் 10ஆவது, மூன்று வருடமும் ரிசீவர். போதாததற்கு 2007இல் 2ஆவது தெரிவாகக் கல்வின் ஜோன்சன். அவர் அசல் தங்கம், அதில் சந்தேகமே இல்லை. 2008இல் 1,331 யார்ட், 12 டச்டவுன் எடுத்தார். டீமோ அந்த வருடம் ஒரு மெட்ச்கூட வெல்லவில்லை. 0–16.

ரிசீவர் பிந்திய சுற்றுகளிலும் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி டீம்கள் இப்போது மூன்று நான்கு ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தி எறிந்துகொண்டே இருக்கின்றன. ஆறடிப் பக்கம் உயரமும் 190, 200 இறாத்தல் எடையுமாக நல்ல கையுள்ள பொடியன்கள் வருடா வருடம் குவிகிறார்கள். ஆறடி ஐந்து அங்குலத்தில், 330 இறாத்தலை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து நகரக்கூடிய சூவல் மாதிரி ஆள் அப்படிக் குவிவதில்லை. பெயரெடுத்த ரிசீவர்களில் கூப்பர் கப் 69ஆவது தெரிவு, டைரீக் ஹில் 165, பூகா நாகுவா 177, அன்டோனியோ பிரவுன் 195. நாகுவா முதல் சீசனிலேயே 105 கேட்ச், 1,486 யார்ட் என்று புதியவர்களுக்கான இரண்டு சாதனைகளையும் உடைத்தார்.

எதிர்க்கட்சியிடம் ஒரு வலுவான வாதம் உண்டு: காசு. புதிய ஆளுக்குச் சம்பளம் தெரிவு எண்ணைப் பொறுத்தே நிர்ணயமாகிறது. ரிசீவரோ டெக்கிளோ, 22ஆவது தெரிவென்றால் ஏறத்தாழ ஒரே தொகைதான். நான்கு வருட ஒப்பந்தம், முதல் சுற்று ஆளுக்கு மட்டும் ஐந்தாவது வருடத்தை டீமே நீட்டிக்கொள்ளலாம். வெளிச்சந்தையிலோ ரிசீவர் விலை எகிறிக் கிடக்கிறது. 2024இல் மினசோட்டா ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு நான்கு வருட நீட்டிப்பு 140 மில்லியன் டொலர், 2025இல் சேஸுக்கு 161 மில்லியன். சூவலுக்கு 2024இல் அதே நான்கு வருடத்துக்கு 112. அப்படியானால் மலிவான வருடங்களில் ரிசீவரை வைத்திருப்பதில்தான் மிச்சம் அதிகம். கணக்கு சரி. ஆனால் அந்த மிச்சம் கையில் வர வேண்டுமென்றால் போல் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். லைன் நிற்கிற டீமுக்கு மட்டும்தான் இந்த வாதத்தை நான் ஏற்பேன்.

சரி, எடுக்கிறதென்று முடிவாகிவிட்டது. யாரை எடுப்பது?

ஓட்ட நேரத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். 2017இல் ஜோன் ராஸ் என்ற ரிசீவர் 40 யார்டை 4.22 வினாடியில் ஓடி அன்றைய சாதனையை உடைத்தார். அவரை 9ஆவது தெரிவாக எடுத்தது யார்? அதே பெங்கால்ஸ்! முதல் சீசனில் காயமும் சேர்ந்து ஒரு கேட்ச்கூட இல்லை. 40 யார்ட் ஓட்டம் முன்னால் ஆளே இல்லாமல் நேராக ஓடுவது. மெட்சில் அப்படி ஓட யாரும் விடமாட்டான். அந்த ஓட்டத்திலேயே முதல் 10 யார்ட் எவ்வளவு என்று பார்ப்பது அதைவிடப் பயன்.

அடுத்தது, எந்த இடத்தில் ஆடுவான் என்பது. விதிப்படி தாக்குகிற டீமில் குறைந்தது ஏழு பேர் லைனில் நிற்க வேண்டும் (இங்கே லைன் என்பது போல் வைக்கிற கோடு). லைனிலேயே நிற்கிற வெளி ரிசீவர் எக்ஸ். அவனை மறிக்கிற எதிரணி கோர்னர்பேக் அவன் மூக்குக்கு நேரே நின்று முதல் 5 யார்டுக்குள் கையால் தள்ளி மறிக்கலாம். இன்னொரு வெளி ரிசீவர் இசட் ஒரு யார்ட் பின்னால் நிற்பான், நகர்ந்துகொண்டே தொடங்கலாம். ஸ்லொட் ஆள் வெளி ரிசீவருக்கு உள்ளே நிற்பான், அவனுக்கு நகர இடம் இன்னும் அதிகம். முதல் சுற்றுக் காசு எக்ஸுக்குத்தான் தகும். வீடியோவில் அவன் முதல் அடியைப் பாருங்கள். போல் கிளம்பியதும் முன்கால் பின்னுக்குப் போனால் அரை அடி அங்கேயே போச்சு. மறிக்கிற கையைத் தட்டிவிட்டுத் தோளைச் சிறிதாக்கிக்கொண்டு நுழைகிறானா, இல்லை சுற்றி ஓடுகிறானா? சுற்றி ஓடுகிறவன் மைதானத்தின் ஓரக் கோட்டுப் பக்கம் ஒதுங்கிப்போவான், குவாட்டர்பேக்குக்கு எறிய இடம் இருக்காது.

கல்லூரி வீடியோ இதில் கண்ணைக் கட்டும். மைதானம் இரண்டிலும் 160 அடி அகலம்தான், ஆனால் கல்லூரியில் ஹேஷ் கோடுகளுக்கு (ஒவ்வொரு ஆட்டமும் இவற்றுக்குள்தான் தொடங்கும்) இடைவெளி 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். போல் ஒரு ஹேஷில் இருந்தால் கல்லூரியில் அகலப் பக்கம் 100 அடி கிடைக்கும், என்எஃப்எல்லில் ஏறத்தாழ 89. கல்லூரியில் தாராளமாக இடைவெளி எடுத்தவன் இங்கே வந்து திணறுவதில் இதற்கும் பங்குண்டு.

ஜெஃபர்சன் விஷயத்தில் இந்த எக்ஸ் அளவுகோல் சறுக்கும். 2019இல் லூசியானா ஸ்டேட்டில் அவர் பெரும்பாலும் ஸ்லொட்டில்தான் ஆடினார். 2020இல் நான்கு ரிசீவர்கள் போன பிறகு, பிலடெல்பியா 21ஆவதாக ஜேலன் ரேகரை எடுத்த அடுத்த நிமிடம், 22ஆவதாக மினசோட்டாவுக்குக் கிடைத்தார். முதல் சீசன் 1,400 யார்ட். ஆகவே மறிப்புக்கு எதிராக ஆடிய வீடியோ இல்லாத ஸ்லொட் ஆளை அப்படியே கழிக்காதீர்கள். முழு வேகத்தில் வந்து இரண்டே அடியில் வேகத்தைக் கொன்று திரும்புகிறானா, திரும்பும்போது இடுப்பு தாழ்கிறதா, தலை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் வெளியே நிறுத்தியும் பழக்கலாம்.

டிராஃப்டைப் பார்க்கிறவர்களுக்கு நேரம்: முதல் சுற்று நமக்கு (இலங்கை நேரம்) வழக்கமாக வெள்ளிக்கிழமை காலை 5.30க்கு, இரண்டும் மூன்றும் சனி விடியற்காலை 4.30க்கு, நான்கிலிருந்து ஏழு வரை சனி இரவு 9.30க்கு. முதல் நாள் உங்கள் டீம் டெக்கிளை எடுத்தால் கொதிக்க வேண்டாம். செயின்ட் பிரவுனும் நாகுவாவும் போன சுற்றுகள் சனி இரவில்தான் வரும்.