ஆப்பிரிக்காவிலிருந்து அத்திரம்பாக்கம் வரை: குரூப் தேர்வுக்கு நான் படித்த விதம்

குரூப் 1, குரூப் 2 படிப்பவர்களில் பலர் கற்காலப் பாடத்தைப் புரட்டிவிட்டு நேராகச் சிந்துவெளிக்குத் தாவிவிடுவார்கள். பிரிலிம்ஸுக்கு அது போதும். மெயின்ஸில்தான் இடிக்கும்.

"மனிதன் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறினான்" என்ற வரியைப் பார்த்தாலே, எந்த மனிதன் என்று பக்கத்தில் எழுதிவைப்பேன். ஜார்ஜியாவின் டமனிசியில் சுமார் 18 லட்சம் ஆண்டுப் பழமையான எலும்புகள் கிடைத்தன. அவை நமக்கு முந்தைய மனித இனமான ஹோமோ எரக்டஸ் வகையினருடையவை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. வயது சுமார் 3 லட்சம். இன்று உலகெங்கும் பரவியிருப்பவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவைத் தாண்டியதோ பெரும்பாலும் 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன்புதான்.

இந்தக் கணக்கோடு திருவள்ளூர் மாவட்டத்துக் கற்காலக் களமான அத்திரம்பாக்கத்துக்கு வாருங்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு இங்கேயும் வந்தார். அது எல்லா கைடிலும் இருக்கிறது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வைத்தான் விடக்கூடாது. 2011-இல் இங்குள்ள அச்சூலியன் கருவிகளுக்கு, அதாவது கைக்கோடரி வகைக் கருவிகளுக்கு, சுமார் 15 லட்சம் ஆண்டு என்றார்கள். 2018-இல், கைக்கோடரிக்கு அடுத்து செதில் கருவிகள் மேலோங்கிய இடைப் பழங்கற்காலம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றார்கள். அப்போது சேப்பியன்ஸ் இந்தியாவுக்கு வந்திருக்கவே வாய்ப்பில்லை. செய்தவர் யார் என்று சொல்ல அந்த அகழாய்வில் மனித எலும்பும் இல்லை. நாட்டிலேயே பேர் சொல்லும்படியான தொல்மனித மண்டையோடு 1982-இல் நர்மதைக் கரை ஹத்னோராவில் கிடைத்தது ஒன்றுதான். ஆகவே கருவிக்கு ஒரு பத்தி, ஆளுக்கு ஒரு பத்தி என்று விடையில் பிரித்தெழுதுங்கள்.

கருவிகளைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்வது வீண் வேலை. பூண்டி அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள், வழியில் ஏரியையும் பார்க்கலாம். கைக்கோடரியில் கல்லின் இரண்டு பக்கமும் செதுக்கியிருப்பார்கள். கூரான முனை, கனத்த அடி. இடைப் பழங்கற்காலத்துக்கு அடையாளமான லெவலாய்ஸ் முறை வேறு. மூலக்கல்லை முதலிலேயே சுற்றிலும் தட்டி ஆமை ஓடு மாதிரி தயார் செய்துவிட்டு, கடைசியில் ஒரே அடியில் வேண்டிய வடிவத்துச் செதிலைப் பெயர்த்தெடுப்பார்கள். இங்கே செதில்தான் கருவி.

நேரம் மிஞ்சினால் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் அங்கே கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் சேப்பியன்ஸா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். விடையில் இரு தரப்பையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.