கேரம் கிளப்புக்கு ஆப் செய்யப்போய் லாகினில் மாட்டிக்கொண்ட கதை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும், மூடினால் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் கேரம் கிளப் கேட்டுக்கு அந்தப் பக்கம். மாஸ்டர் ஹார்பரில் ஷிப்ட் முடித்து வந்து சேர்வதற்குள் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம்ம வண்ணாரப்பேட்டைக் காசிமா மூன்று தங்கம் வென்ற பிறகு கிளப்பில் கூட்டம் வேறு ஏறிவிட்டது. "பசங்க ஆடுறத வீடியோ எடுத்து அனுப்பினா நைட்டு உக்காந்து பார்த்துச் சொல்லிடுவேன் தம்பி" என்றார் மாஸ்டர். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ நசுங்கி, ஸ்ட்ரைக்கரில் விரல் எப்படிப் படுகிறது என்றே தெரியாது. ஆண்ட்ராய்டு வேலை தெரிந்தவன் என்பதால், ஆப் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

முதல் பதிப்பு இரண்டே நாளில் முடிந்தது. வீடியோ நேராக அமேசான் எஸ்3 என்ற இணையக் கிடங்குக்குப் போகும். அதற்கான ரகசியச் சாவியை ஆப்பின் கோடுக்குள்ளேயே எழுதி வைத்தேன். நம்ம பசங்கதானே என்ற எண்ணம். மூன்றாம் நாள் நண்பனின் தம்பி, கல்லூரியில் படிக்கிறவன், ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "அண்ணா, இது உன்னோடதா?" என் சாவி, முழுசாக. ஏபிகே கோப்பை, அதாவது போனில் ஆப்பை நிறுவும் கோப்பை, பிரித்துப் பார்க்கப் பெரிய ஹேக்கர் வேண்டாம், ஜேடெக்ஸ் என்ற இலவசக் கருவியே போதும். அந்தச் சாவியை வைத்து எல்லா வீடியோவையும் அழித்திருக்கலாம். நல்லவேளை, அவன் நல்ல பையன். அன்றிரவே சாவியை ரத்து செய்தேன்.

இதற்குச் சரியான வழி முன்கூட்டியே கையெழுத்திட்ட இணைப்பு. சாவி சர்வரிலேயே இருக்கும். ஆப் கேட்கும்போது, 'இந்தப் பெயரில் ஒரே ஒரு கோப்பை இத்தனை நிமிடத்துக்குள் ஏற்றலாம்' என்று சர்வர் ஒரு சீட்டுக் கொடுக்கும். அதிகபட்சம் 7 நாள் வரை செல்லும்படி கொடுக்கலாம். நான் 10 நிமிடம் வைத்தேன்.

சரி, சீட்டுக் கேட்பது யார் என்று சர்வருக்குத் தெரிய வேண்டாமா? பாஸ்வேர்டு வைத்தால் பிள்ளைகள் வாரா வாரம் மறப்பார்கள். ஓடிபி அனுப்பலாம் என்றால், இந்தியாவில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனமாகப் பதிந்து, அனுப்பும் வாசகத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒற்றை அறையும் நான்கு போர்டும் உள்ள கிளப்புக்கு நிறுவனப் பத்திரத்துக்கு எங்கே போவது?

ஆக, கூகுள் லாகின். அதை வெப்வியூவில், அதாவது ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும் சன்னலில், திறந்தேன், கூகுள் மறுத்துவிட்டது. முதலில் எரிச்சல், பிறகுதான் காரணம் புரிந்தது. வெப்வியூ என் கட்டுப்பாட்டில் இருப்பதால், அதில் அடிக்கும் பாஸ்வேர்டை நான் படிக்க முடியும். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8252 என்ற இணைய வழிகாட்டு ஆவணமும் இதையே சொல்கிறது: லாகினைத் தனி பிரவுசரில் திற. கூடவே பிக்சி என்ற ஏற்பாடும் வேண்டும். ஆப் முதலில் ஒரு ரகசியத்தை உருவாக்கி அதன் ஹாஷை (அதிலிருந்து ரகசியத்தைத் திரும்ப எடுக்க முடியாத சுருக்கத்தை) மட்டும் அனுப்பும், டோக்கன் (லாகின் செய்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டை) வாங்கும்போது ரகசியத்தையே காட்டும். லாகின் முடிந்ததும் பிரவுசர் திருப்பி அனுப்பும் குறியீட்டை நடுவில் வேறொரு ஆப் தட்டிப் பறித்தாலும் பயனில்லை.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு மடத்தனம் செய்தேன். யாருடைய ஃபோல்டரில் வைப்பது என்பதை ஆப் அனுப்பும் பயனர் எண்ணைப் பார்த்து சர்வர் முடிவு செய்தது. அந்த எண்ணை மாற்றி அனுப்பினால் அடுத்தவன் வீடியோ மேலேயே எழுதலாம். மறுபடியும் அதே தம்பிதான் கண்டுபிடித்தான். இப்போது சர்வர் டோக்கனின் கையெழுத்து, அது நம் ஆப்புக்குத்தான் தரப்பட்டதா, காலாவதியா என்று சரிபார்த்து, அதிலிருக்கும் எண்ணை மட்டுமே எடுக்கிறது. கோப்பின் பெயரையும் சர்வரே வைக்கிறது.

அதிகம் படுத்தியது டோக்கன் காலாவதி. ஆயுள் ஒரு மணி நேரம். எங்கள் சந்தில் சாயங்காலம் நெட் ஊர்ந்து போகும், 400 எம்பி வீடியோ பாதியில் இருக்கும்போது டோக்கன் செத்துவிடும். ஆப் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு பையனின் அன்றைய டேட்டா பேக் மொத்தமும் போனது. அவன் அம்மாவிடம் பாட்டு வாங்கியது நான். வீடியோவைத் துண்டுகளாக்கினேன் (எஸ்3-இல் கடைசித் துண்டு தவிர ஒவ்வொன்றும் குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும்). ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சீட்டு, டோக்கன் முடிந்தால், மறுபடி லாகின் செய்யாமலே புது டோக்கன் வாங்கித் தரும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டிப் புதுசு வாங்கி விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி இருந்தது. ரெஃப்ரெஷ் டோக்கன் ஒருமுறைதான் செல்லும்படி வைத்திருந்தேன். மூன்று துண்டுகள் ஒரே நேரத்தில் ஏறும்போது மூன்றும் அதே ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டின. முதலாவது ஜெயித்தது, இரண்டாவதைப் பார்த்ததும் சர்வர், 'யாரோ திருடிவிட்டார்கள்' என்று மொத்த லாகினையும் வெட்டியது. சர்வர் செய்தது சரிதான். தப்பு என் ஆப்பில் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து ராத்திரி ஆனது. இப்போது ஒருவர் புதுப்பிக்கும்வரை மற்றவர் வரிசையில் நிற்க வேண்டும். அந்த டோக்கனும் ஆண்ட்ராய்டு கீஸ்டோர் என்ற சாவிப் பெட்டகத்தில் உள்ள சாவியால் பூட்டப்பட்டுத்தான் போனில் இருக்கிறது.

போன வாரம் மாஸ்டர் கூப்பிட்டார். "தம்பி, இதுல அக்கா பேர் காட்டுது. ஆடுறது அவ இல்ல, அவ தம்பி. விரல் வைக்கிறத பார்த்தாலே தெரியுதே." வீட்டுக்கே ஒரு போன், அக்கா லாகின் செய்துவிட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்கு நான் இன்னும் வழி செய்யவில்லை.