அரை விரல் மரத்துப்போகுமா?

அம்மாவின் கைக்கு என்ன என்று தெரிந்துகொள்வதற்குள் எங்களுக்கு இரண்டு பயணமும் ஒரு ஸ்கேன் செலவும் வீணாகிவிட்டன. இதே தொல்லைக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

அம்மா திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். பகலில் ஊசி நழுவும். தெருவே நரம்புத் தளர்ச்சி என்றது. சத்து மாத்திரையிலேயே இரண்டு மாதம் போயிற்று.

“மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதிதான் மரக்கிறது, சுண்டுவிரல் பக்கம் நன்றாக இருக்கிறது” என்று ஒரு கிளினிக்கில் அம்மா சொன்னபோது, “அரை விரல் எப்படியம்மா மரக்கும்?” என்று கேட்டுவிட்டுக் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். படத்தில் எலும்புத் தேய்மானம் தெரிந்தது. அம்மாவுக்கு 58 வயது. அந்த வயதில் பலருக்கும் அது இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அடுத்து நரம்புக் கடத்தல் சோதனை, அதாவது நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டிச் சைகை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துத் திருப்பித் தள்ளினார். ‘கை மரத்தல்’ என்று மட்டும் எழுதியிருந்ததாம். எந்தச் சோதனை, எந்தக் கை என்று இல்லையாம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை சரியான சீட்டோடு போனோம். அன்று அந்தச் சோதனை கிடையாது என்றார்கள். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெரிசலான பஸ்ஸில் அந்தக் கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல் அம்மா பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

மூன்றாம் முறை நடந்தது. அதிலும் பிழை எங்கள் பக்கம்: அம்மா காலையில் கைக்கு வலி எண்ணெய் தடவியிருந்தார். எண்ணெய்ப் பசை இருந்தால் தோலில் ஒட்டும் மின்முனை சரியாகப் பதியாது. துடைத்துத் துடைத்து ஒட்டினார்கள். வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. மழையில் நனைந்து கை சில்லிட்டிருந்ததால் வெந்நீரில் வைத்துச் சூடேற்றினார்கள். கை குளிர்ந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் கடத்துமாம். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிக்குப் பயப்பட வேண்டாம், சுண்டிவிடுவது போலச் சிறு அதிர்வுதான்.

அதற்கு முன், மருத்துவர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பஞ்சுத் திரியால் மோதிர விரலின் குறுக்கே மெல்லக் கோடு இழுத்தார். பாதி விரல் வரை அம்மா பேசவில்லை. நடுவைத் தாண்டியதும் “இப்போது தெரிகிறது” என்றார்.

“நீங்கள் சொன்னது சரிதான் அம்மா” என்றார் மருத்துவர்.

மூளையின் கட்டளை தண்டுவடத்தில் இறங்குகிறது. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. கழுத்தருகே கிளம்பும் சில, தோளருகே ஒன்றோடொன்று கலந்து, வேறு நரம்புகளாகப் பிரிந்து கைக்கு வருகின்றன. அவற்றில் மீடியன் நரம்பு, மணிக்கட்டில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு ஒரே இடுக்கான குகைக்குள் நுழைகிறது. உள்ளே வீக்கம் கண்டால் நசுங்குவது நரம்புதான். மோதிர விரலில் அது பாதிக்குத்தான் உணர்வு தருகிறது. மறுபாதியும் சுண்டுவிரலும் அல்னார் நரம்பின் பங்கு. கழுத்தில் அழுந்தியிருந்தால் விரல் இப்படி நடுவில் பிரிவது அரிது என்றார். எந்தக் கருவிக்கும் முன்பே அம்மா சரியாகச் சொல்லியிருந்தார்!

சோதனையும் அதையே காட்டியது. மணிக்கட்டில் தூண்டினால் கட்டைவிரல் தசைக்குச் சுமார் 4 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர வேண்டிய சைகைக்கு 6 ஆயிற்று. முன்கையில் வேகம் சரியாகவே இருந்தது. தடை மணிக்கட்டில்தான். ஸ்கேன் நரம்பு மண்டலத்தின் அமைப்பைக் காட்டும். சைகை ஓடுகிறதா என்று பார்க்க இந்தச் சோதனைதான் வேண்டும். கழுத்துப் படம் இப்போது பீரோவின் மேல் கிடக்கிறது.

சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தம் கொடுத்தோம், இரண்டும் சரியாக இருந்தன. இரவில் மணிக்கட்டை மடங்கவிடாத பட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாக அம்மா நடுராத்திரியில் எழவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டில் வலது கை என்றும் நாள், கிழமையும் எழுதியிருக்கிறதா என்று கவுண்டரைவிட்டு நகரும் முன்பே பார்த்துவிட்டேன்.