குசினியிலிருந்து படுக்கையறைக்கு

இந்த மாதக் கறண்ட் பில் 214 யூனிட். போன வருடம் இதே மாதம் 130. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் புதிதாகச் சேர்ந்தது ஒன்றுதான், அம்மாவின் அறைக்கு ஒரு ஏசி. அம்மாவுக்கு 74 வயது. ஏப்ரலில் இரவு இரண்டு மணிக்கும் வேர்த்து எழும்பி உட்கார்ந்திருப்பா.

பில்லைப் பார்த்துவிட்டு, "பருத்தித்துறையில மாசம் ரெண்டு போத்தல் மண்ணெண்ணெயோட சமாளிச்சனாங்கள் தம்பி" என்றா.

விறகை அம்மா கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூட, சட்டிக்குப் போகும். மற்றதெல்லாம் குசினிக்குள் புகையாகவும் வெக்கையாகவும் நிற்கும். காஸ் அடுப்பில் பாதியளவு சட்டிக்கே போய்விடும். அதனால் ஒரு குடும்பம் கொஞ்சம் வசதி கண்டு விறகை விட்டதும், சமையலுக்கு எரிப்பது உண்மையில் குறைகிறது. கூடுவது அதற்கு அப்புறம்: பிரிட்ஜ், வோஷிங் மெஷின், மோட்டார் சைக்கிள், கடைசியில் ஏசி. ஆறு குண்டு பல்பைக் கழற்றி எல்ஈடி போட்டு நாங்கள் ஒரு நாளைக்கு மிச்சம் பிடித்தது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ஏசி ஓர் இரவில் கிட்டத்தட்ட மூன்று யூனிட் எடுக்கிறது.

நாட்டின் கதையும் இதுதான். 1996 வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியதும் ஊரே இருண்டது, அப்போது மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது. தேவை வளர வளர நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் எழுந்தது. அப்படி இருந்தும் இலங்கையில் ஓர் ஆள் வருடத்துக்குச் செலவழிக்கும் மின்சாரம் ஆயிரம் யூனிட்டுக்கும் குறைவு. உலகச் சராசரி மூவாயிரத்துக்கு மேல். எங்களைப் பார்த்து 'குறையுங்கள்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஏறிய படியில் இறங்கியும் பார்த்தோம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு, காஸும் இல்லை. அம்மா மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, கடையில் காசு கொடுத்து வாங்கிய விறகில் சோறாக்கினா. மூன்றாம் நாள் இருமல் பிடித்தது, ஒரு மாதம் விடவில்லை. அந்த இருமலைக் கேட்டவன் நான். ஏசியைக் கழற்றமாட்டேன்.

ஆனால் அவவின் அறைக்கு மேலே நேரே சிலாப், பகல் முழுக்க வெயில் குடித்து இரவில் கக்குகிறது. அதற்கு வெள்ளைப் பூச்சு அடிக்க மேசன் பாஸிடம் விலை கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.