சிகிச்சை முடிந்த பிறகு வரும் புது வலி: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்ததும் "மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அதுவரை வாரம் தவறாமல் யாராவது ஒருவர் நம் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி பார்க்க வேண்டியது நாம்தான். இடுப்பு வலிப்பதும் அப்போதுதான். நோய் வருவதற்கு முன் இதே இடுப்பு வலித்திருந்தால் தைலத்தைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். இப்போது அது முடிவதில்லை. எலும்புக்குப் போய்விட்டதோ என்ற நினைப்பு நடுராத்திரியில் எழுப்பி உட்கார வைத்துவிடும். வீட்டில் சொன்னால் ஒன்று அழுவார்கள், இல்லையென்றால் "சும்மா எதையாவது நினைச்சுக்காதே" என்பார்கள். இரண்டாலும் பயனில்லை.

வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உயிர் போகிற மாதிரி வலிக்கும் தோள்பட்டை வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். எலும்பில் பரவிய இடமோ ஆரம்பத்தில் மந்தமாகத்தான் வலிக்கும். பார்க்க வேண்டியது வலியின் போக்கை. இன்று முதுகிலும் நாளை முழங்காலிலும் நாளை மறுநாள் மணிக்கட்டிலும் வந்து போவது பெரும்பாலும் நோய் அல்ல. ஒரே இடத்தில் நின்று, நாளுக்கு நாள் கூடி, படுத்து ஓய்வெடுத்தாலும் குறையாமல், தூக்கத்தைக் கலைக்கும் வலியைத்தான் காட்ட வேண்டும். அதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். புதிதாக வந்த வலி இரண்டு வாரத்தில் குறையத் தொடங்கவில்லை என்றால், அடுத்த செக்கப் எப்போது என்று பார்க்காமல் போன் செய்து தேதி வாங்குங்கள். அதற்குள்ளேயே கூடிக்கொண்டு போனால் இரண்டு வாரம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

சில வலிகளுக்கு இரண்டு நாள் கூடக் கிடையாது. முதுகுவலியோடு கால் வலுவிழப்பது, நடை தள்ளாடுவது, தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் தண்டுவடம் அழுந்துகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே, இரவானாலும் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டியதுபோல் மார்பைச் சுற்றி வரும் முதுகுவலியும் இதில் சேரும். சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிகிறவர்கள் பெரும்பாலும் அதன் பிறகும் நடக்கிறார்கள். கால் முழுவதும் விழுந்த பிறகு போனவர்களுக்கு அது அரிது. காலையில் தலைவலியோடு வாந்தி, இரட்டைப் பார்வை, வலிப்பு ஆகியவற்றுக்கும் அதே அவசரம்தான். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், முக்கியமாகத் தமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அதைத் தேய்த்துவிடவே கூடாது. அதிகத் தாகம், மலச்சிக்கல், குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். இதை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இந்த அபாயப் பட்டியலை ஒருமுறை படித்து ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால் போதும். தினமும் படித்தால் எல்லாமே இருப்பதுபோல் தோன்றும்.

இனி, உண்மையில் அதிகம் பேருக்கு வருகிற வலி. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையாகக் கொடுக்கப்படும் லெட்ரசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. ஆகிய மூன்றும் உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. மூட்டுகள் அதைத் தாங்குவதில்லை. சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வரை மூட்டுவலி சொல்கிறார்கள். தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் ஆரம்பிக்கும். ஆறு மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும். அடையாளம் தெளிவானது: இரண்டு பக்கமும் ஒன்றுபோல வலிக்கும், விரல்களும் மணிக்கட்டும் முழங்காலும்தான் முதலில். காலையில் எழுந்ததும் கை மடங்காது, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. கொஞ்ச நேரம் நடமாடியதும் இளகிவிடும். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும், பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் மறுபடி பிடிக்கும். சிலருக்கு ஒரு விரல் மடங்கியபடி மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபடும். அசைய அசையக் குறைகிற வலி நோயாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு.

இங்கே நடக்கும் பெரிய தவறு, யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவது. நிறுத்தினால் சில வாரத்தில் வலி குறைந்துவிடும். அதனாலேயே மறுபடி தொடங்க மனம் வராது. நோய் திரும்பாமல் காக்கும் மருந்து அது என்பதால் மருத்துவரிடம் சொல்லியே மாற்ற வேண்டும். அவரே இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி விட்டு, இந்த மூன்றில் வேறொன்றுக்கு மாற்றுவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. சிலருக்குத் தமாக்ஸிஃபெனுக்கு மாற்றுவார்கள். வலிக்கு, மனச்சோர்வுக்கும் தரப்படும் டுலாக்ஸடின் மாத்திரை எழுதுவதும் உண்டு. ஆனால் தமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும், இந்த மருந்து தமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். மனநல மருத்துவரோ எலும்பு மருத்துவரோ எழுதினாலும் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதற்கு நல்ல பலன் தருவது நடை. 2015-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு மூட்டுவலி சுமார் 30 சதவீதம் குறைந்தது. வழக்கப்படி இருந்தவர்களுக்குக் குறையவில்லை. நாளைக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். முதல் பத்து நிமிடம் வலி கூடுவது போலிருக்கும், அதற்குப் பயந்து உட்கார்ந்துவிடக் கூடாது. ஜிம் வேண்டாம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டில் தொடங்கலாம். ஆபரேஷன் செய்த பக்கக் கைக்கு எடையை மெதுவாகக் கூட்டுங்கள்.

இரண்டு விஷயம் இதோடு குழம்பும். சிக்குன்குன்யா வந்து போனவர்களுக்கு அதே விரல், மணிக்கட்டு, கணுக்கால் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல் வந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தாலும் உடம்பு முழுக்க வலிக்கும். ஆனால் 60,000 யூனிட் பாக்கெட்டை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டி அளவோடு கால்சியத்தையும் பார்த்த பிறகே அது. தைராய்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆபரேஷன் செய்த பக்கம் வேறு கதை. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் நரம்பு பாதிக்கப்படுகிறது. அதனால் அங்கே மரமரப்பும் எரிச்சலும், ஜாக்கெட் உரசினாலே கூச்சமும் வரும், வருடக்கணக்கில் இருக்கும். மார்புத் தழும்பில் ஊசி குத்துவதுபோல் ஒரு நொடி வந்து மறையும் வலியும் நரம்பு வலிதான். கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு மாதிரி விறைத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் வரும் இது, பிசியோதெரபியில் விட்டுவிடும். ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

கை கனக்கிறது, வளையல் இறுகுகிறது என்றால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அளந்து பாருங்கள். முழங்கை மடிப்பிலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ., இரண்டு கையிலும், தையல் டேப்பை இறுக்காமல், மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில். 2 செ.மீ. வித்தியாசம் கண்டால் போகலாம். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தொற்று. அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும். தழும்பின் மேல் புதுக் கட்டி, தடிப்பு, கழுத்தெலும்புக்கு மேலே கட்டி ஆகியவை வலிக்காமலும் இருக்கும். வலி இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாதவை இவை.

ரேடியேஷன் கொடுத்த பக்க விலா எலும்பு அழுத்தினால் வலிப்பது சகஜம். முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் லேசான காய்ச்சலும் வந்தால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். சளி மருந்து குடித்துக் காலம் கடத்தாதீர்கள். பேக்லிடாக்ஸல் கீமோவுக்குப் பின் பாதம் எரிவதும் மரப்பதும் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் கூடிவிட்டே குறையும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பார்க்கட்டும். எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் சோலெட்ரானிக் அமில ஊசிக்குப் பிறகு, அதிலும் முதல் ஊசிக்கு, ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். அதே மருந்தில் தாடை வலி, பல் பிடுங்கிய இடம் ஆறாமை, தொடையின் மேற்பகுதியில் மந்தமான வலி ஆகியவை வந்தால் சொல்லியே ஆக வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து, சுளுக்கு எடுப்பது. எலும்பு நோயால் பலவீனமாகியிருந்தால், முதுகில் ஏறி மிதிப்பதும் கழுத்தைச் சொடுக்குவதும் அதை முறித்துவிடும். ஸ்கேன் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை யாரையும் தொடவிடாதீர்கள். தெருமுனைக் கிளினிக்கில் போடும் ஊசியும் அப்படித்தான். ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் வலி பறந்துவிடும், எதை மறைத்தது என்று பிறகு தெரியாது. வலி மாத்திரையான டைக்ளோஃபினாக்கைத் தினமும் போட்டால் சிறுநீரகம் பாதிக்கும். இரண்டு வாரம் பொறுக்கும் காலத்தில் பாராசிட்டமால் போதும், அதுவும் எத்தனை போட்டோம் என்று எழுதி வைத்துக்கொண்டு.

எழுதுவது முக்கியம். தினசரி காலண்டர் தாளின் பின்புறமே போதும். ஒற்றை விரலால் காட்ட முடிகிற இடமா, பரவலா, எப்போது தொடங்கியது, இரவில் எழுப்பியதா, எதில் குறைகிறது, பத்துக்கு எத்தனை. பத்து நாள் எழுதிவிட்டு, டாக்டரிடம் இப்படிச் சொன்னால் அரை நிமிடம்தான்: "டாக்டர், லெட்ரசோல் ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. மூணு வாரமா இடது இடுப்புல ஒரே இடத்துல வலி. ராத்திரி ரெண்டு தடவை எழுப்புது. பாராசிட்டமால் கேக்கல." கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் "உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்" என்பதற்குக் கிடைக்கும் பதிலும் இதற்குக் கிடைக்கும் பதிலும் வேறு.

ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வலியோ அறிகுறியோ இல்லாதவருக்கு வழக்கமாக ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டே இருந்தால் ஆயுள் கூடுகிறதா என்று இத்தாலியில் 1,320 பெண்களிடம் பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு, கூடவில்லை. அதனால்தான் முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு நேரடிப் பரிசோதனை, வருடம் ஒரு மேமோகிராம், அதற்கு மேல் அறிகுறி இருந்தால் மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். மார்பகப் புற்றின் அடையாளத்தைத் தேடும் சி.ஏ. 15-3 ரத்தப் பரிசோதனையை நீங்களாக லேபில் கொடுத்துப் பார்க்காதீர்கள். கல்லீரல் கோளாறில்கூட அது ஏறும். நோய் திரும்பியும் ஏறாமல் இருப்பதுண்டு.

அறிகுறி இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, நார்மல் என்றால் அதோடு விடக்கூடாது. எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் குறைந்த பிறகே எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். அடுத்தது எலும்பு ஸ்கேன்: ஊசி போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள், இடையில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தேய்ந்த முழங்காலும் பழைய எலும்பு முறிவும் அதில் கறுப்பாகத் தெரியும் என்பதால், முன்பு விழுந்தது, அடிபட்டது எல்லாவற்றையும் ஊசி போடும்போதே சொல்லிவிடுங்கள். உடம்பு முழுவதையும் பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். அண்மையில் கையில் தடுப்பூசி போட்டிருந்தால் அக்குள் நெறிக்கட்டி ஒளிர்ந்து வீண் பயம் காட்டும், தேதியைச் சொல்லுங்கள். முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ.யே தெளிவு. ரிப்போர்ட்டை லிஃப்ட் அருகே நின்று போனில் தேடிப் படிப்பதைவிட, பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டதா என்று மட்டும் பாருங்கள். ஒப்பிடவில்லை என்றால் பழைய சி.டி.யைக் கொண்டுபோய் ஒப்பிடச் சொல்லலாம்.

ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயமில்லை என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஹார்மோன் ஏற்பிகளோ ஹெர்2 புரதமோ இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ் வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில்தான். ஹார்மோனால் வளரும் ஹார்மோன் பாசிட்டிவ் வகையோ பதினைந்து, இருபது வருடம் கழித்தும் திரும்பலாம். அதற்காகத் தினம் பயந்துகொண்டிருக்க வேண்டாம். 'எனக்குத்தான் அது முடிந்துவிட்டதே' என்று மூன்று மாத முதுகுவலியை எலும்பு மருத்துவரிடம் மட்டும் காட்டி, பழைய நோயைச் சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

செக்கப் தேதி நெருங்க நெருங்க எல்லா வலியும் கூடும், முடிந்த அன்று பாதி போய்விடும். இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஸ்கேன் சுத்தமாக வந்தும் வலி நிற்கவில்லை என்றால் "ஒண்ணுமில்ல" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அப்படியானால் இது என்ன வலி, இதற்கு என்ன செய்வது, குறையாவிட்டால் எத்தனை வாரத்தில் மறுபடி வர வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் என்பார்கள். அந்தத் தேதியை ஃபைலில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த முறை கவுன்ட்டரில் "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்கும்போது காட்டலாம்.