எங்க ஊர் மக்கள்தொகை எவ்வளவு?

சென்னை நண்பர்கள் கேட்டால் சொல்லத் தெரியாது, ஏனென்றால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, எங்கள் விளவங்கோடு பக்கம் ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெளிவில்லை. மாவட்டத்தின் கிழக்கே தோவாளைப் பக்கம் போனால் வயலுக்கு நடுவே வீடுகள் நெருக்கமாக, தெருத்தெருவாக இருக்கும். இங்கே மேற்கே அப்படியில்லை, ஒவ்வொரு வீடும் அதனதன் விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பரும் தென்னையும் பலாவும் சூழ தனியாக நிற்கும், பக்கத்து வீட்டுக்குப் போக ஒரு ஏற்றம் ஏறி ஓடையைத் தாண்ட வேண்டும். பெயர்களும் அப்படித்தான், பாதி ஊர்கள் விளை, கோடு, குளம் என்றுதான் முடியும்.

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல், அதாவது மாநில சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். இதில் எனக்குச் சிரிப்பு வருவது, 82 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகளாம்! பேரூராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால், விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் நகரத்துக்காரர்தான். எங்கள் ஊரும் அந்தக் கணக்கில் ஒரு வார்டுக்குள் கரைந்துவிட்டது, தனி எண்ணிக்கை கிடையாது.

உண்மையிலேயே சின்ன ஊர் பார்க்க வேண்டுமென்றால் பேச்சிப்பாறைக்கு மேலே போங்கள். 1906-இல் கட்டி முடித்த அணை அது, அதன் நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும், ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே படகுதான்.