எட்டாவது சர்வர்

2012 ஆகஸ்ட் 1. காலை 9:30க்கு நியூயார்க் பங்குச் சந்தை திறந்தபோது, நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய நிரல் இருந்தது. ஜூலை 27 முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஏற்றியதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறையும் அங்கே கிடையாது.

விட்டுப்போன சர்வரில் ‘பவர் பெக்’ என்ற பழைய அம்சம் உயிரோடு இருந்தது. 2003லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிரலை மட்டும் அழிக்கவில்லை. ஓர் ஆர்டருக்கு எத்தனை பங்கு கைக்கு வந்தாயிற்று என்று கணக்கு வைக்கும் பகுதியை 2005இல் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இந்த லட்சணத்தில் 2012இல் வந்த புதிய அம்சத்துக்கு, பவர் பெக்கை இயக்கிய அதே பழைய ஃபிளாகையே (ஓர் அம்சத்தை இயக்கச் சொல்லும் குறி) எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஏழு சர்வருக்கு அந்த ஃபிளாக் புது வேலையைச் சொன்னது. எட்டாவதுக்குப் பழைய வேலையைச் சொன்னது. கணக்குப் பகுதிதான் இடம் மாறிவிட்டதே, அந்தச் சர்வர் நிறுத்தாமல் வாங்கியும் விற்றும் தள்ளியது. வாடிக்கையாளர் ஆர்டர்கள் வெறும் 212. சுமார் 45 நிமிடத்தில் நடந்த பரிவர்த்தனைகள் 40 லட்சத்துக்கும் மேல். நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது.

நடுவில் செய்த ரோல்பேக்தான், அதாவது பழைய நிரலுக்குத் திரும்பியதுதான், இதில் மிகவும் பரிதாபம். புதிய நிரல்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். வரும் ஆர்டர்களில் ஃபிளாக் அப்படியே இருந்தது. ஒரு சர்வர் செய்துகொண்டிருந்ததை எட்டும் செய்ய ஆரம்பித்தன.

டெவ்ஆப்ஸுக்கு, அதாவது நிரல் எழுதும் டெவலப்பர்களும் அதை ஓட்டிப் பராமரிக்கும் ஆப்ஸ் டீமும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறைக்கு, மாறப் போகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் பொதுவாக முதலில் செய்வது, ஆப்ஸ் டீமின் பெயர்ப்பலகையை மாற்றுவது. அடுத்து எந்த டூல், ஜென்கின்ஸா கிட்லேபா என்று மூன்று மாதம் மீட்டிங். டெவலப்பர் டிக்கெட் போடுவார், ‘டெவ்ஆப்ஸ் டீம்’ டிப்ளாய் செய்யும், அதாவது நிரலைச் சர்வரில் ஏற்றும். பழைய குருடி கதவைத் திறடி. என் கணிப்பில் மாற்றம் தொடங்க வேண்டிய இடம் நைட் கேபிடல் சறுக்கிய டிப்ளாய்மென்ட் என்ற அந்த ஒரு படி. அதில் மனிதக் கை படக் கூடாது, செய்ததைத் திருப்பவும் முடிய வேண்டும். டூல் எதுவானாலும் பரவாயில்லை.

முதலில் ஒரே ஒரு சர்வீஸை எடுங்கள். பணம் புழங்கும் மையச் சர்வீஸ் வேண்டாம். யாரும் சீண்டாத ரிப்போர்ட் சர்வீஸும் வேண்டாம். வாரம் ஒரு முறையாவது மாறுவதாக இருக்கட்டும். அதில் கடைசியாகப் போன பத்து மாற்றங்களுக்கு கமிட் (நிரல் மாற்றத்தைப் பதிவது), மெர்ஜ் (பொது நிரலோடு சேர்ப்பது), பில்ட் (ஓடும் வடிவமாக்குவது), டெஸ்ட் முடிவு, அப்ரூவல் (ஒப்புதல்), புரொடக்ஷன் (பயனர்களுக்குப் போவது) என ஆறு நேரங்களை ஒரு ஷீட்டில் எழுதுங்கள். வேலை நடந்த நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் பிரித்துப் பாருங்கள். பில்ட் 12 நிமிடம் ஓடும், அப்ரூவலுக்கு நான்கு நாள் காத்திருக்கும். அப்படியிருக்க பில்ட் வேகத்தைக் கூட்ட ஆள் போடுவது வீண்.

அடுத்தது, ஒரு முறைதான் பில்ட். டெஸ்டுக்கு ஒன்று, புரொடக்ஷனுக்கு ஒன்று என்று தனித்தனியாக பில்ட் செய்தால், சோதித்தது ஒன்று, ஓடுவது வேறு. பல சர்வர்களில் நிரலைத் தானாக ஓட்டிப் பராமரிக்கும் குபர்னெட்டிஸ் வந்த பிறகு எட்டாவது சர்வர் ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இமேஜ் டேகை, அதாவது பில்ட் செய்த நிரல் பொதிக்கு வைக்கும் பெயரை, கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘1.4’ என்ற டேகின் மேலேயே யாராவது புது இமேஜைத் தள்ளிவிட்டால், ஏற்கெனவே அதை இறக்கிவைத்த நோடுகள் (சர்வர்கள்) பழையதையே ஓட்டும். புதிதாகச் சேரும் நோட் புதியதை இறக்கும். ‘லேட்டஸ்ட்’ டேக் போட்டாலும் இதே கதைதான்: எந்தப் பாட் (ஓடும் ஒரு பிரதி) எப்போது ரீஸ்டார்ட் ஆனதோ, அந்த நேரத்து இமேஜ் அதில் இருக்கும். ரோல்பேக் கட்டளை கொடுத்தாலும் அதே டேகுக்குத்தான் திரும்புமே தவிர பழைய இமேஜுக்கு அல்ல. டேகை விட்டு, இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஷா256 டைஜஸ்டைக் குறிப்பிட்டு டிப்ளாய் செய்யுங்கள். ஒவ்வொரு பிரதியும் தன் பில்ட் எண்ணைச் சொல்லும் ஒரு சிறிய முகவரியை வைத்து, டிப்ளாய் முடிந்ததும் பைப்லைனே (பில்ட் முதல் டிப்ளாய் வரை தானாக ஓட்டும் தொடர்) எண்ணிப் பார்க்கட்டும். எட்டுக்கு எட்டு இல்லையென்றால் சிவப்பு.

இன்னொன்று: புதிய பாட்கள் எழவில்லை என்றால் குபர்னெட்டிஸ் தானாகப் பின்வாங்காது. இயல்பாக 600 விநாடி பார்த்துவிட்டு ‘தோல்வி’ என்று நிலையைக் குறித்துவைக்கும், அவ்வளவுதான். அந்த நிலையைப் படித்துப் பழையதற்குத் திருப்பும் படியை பைப்லைனில் நாம்தான் எழுத வேண்டும். எழுதினால் போதாது, மாதம் ஒரு முறை, ஆபத்தில்லாத நேரத்தில், வேண்டுமென்றே ரோல்பேக் செய்து பாருங்கள்.

ரோல்பேக் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும் இடம் டேட்டாபேஸ். நிரலைத் திருப்பலாம், அழித்த நெடுவரிசையை (column) திருப்ப முடியாது. அதனால் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றுவதைக்கூட ஒரே ரிலீஸில் செய்யக் கூடாது. முதல் ரிலீஸில் புதிய நெடுவரிசை மட்டும் சேரும். இரண்டாவதில் நிரல் இரண்டிலும் எழுதும், பழையதிலிருந்து படிக்கும். பிறகு பழைய வரிசைகளை (row) ஆயிரம், இரண்டாயிரமாக நிரப்ப வேண்டும். ஒரே அப்டேட்டில் ஒரு கோடி வரிசையைத் தொட்டால் ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல்) பின்தங்கிவிடும். மூன்றாவதில் படிப்பதைப் புதியதற்கு மாற்றுங்கள். பழையதை அழிப்பது அதற்கும் இரண்டு ரிலீஸ் தள்ளி. சலிப்பான வேலைதான். ஆனால் எந்த இடத்தில் நின்றாலும் ஒரு படி பின்னால் வர முடியும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளைக்கு முன் லாக் டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) மூன்று விநாடிக்கு வையுங்கள். இயல்பு மதிப்பு பூஜ்ஜியம், அதாவது முடிவில்லாக் காத்திருப்பு. யாரோ ஓட்டிய நீண்ட ரிப்போர்ட் குவெரிக்குப் பின்னால் உங்கள் ஆல்டர் வரிசையில் நிற்கும். அதற்குப் பின்னால், தரவைப் படிக்கும் சாதாரண செலக்ட்கூட நகராது. மாற்றமே ஓடாத நிலையில் சைட் படுத்துவிடும். தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸைக் ‘கன்கரன்ட்லி’ போட்டு, அதாவது டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல், உருவாக்குங்கள். அது டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) ஓடாது என்பதால், டேட்டாபேஸ் மாற்றங்களை ஓட்டும் மைக்ரேஷன் டூலில் அந்தக் கோப்புக்கு மட்டும் டிரான்ஸாக்ஷனை அணைக்க வேண்டும். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே தங்கும். அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஃபிளாகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு காலாவதித் தேதி. தேதி தாண்டினால் பில்ட் தோற்கட்டும். பழைய பெயரை ஒருபோதும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

வாராந்திர அப்ரூவல் கமிட்டியை ஒரே நாளில் கலைக்க முயன்றால் தோற்பீர்கள். தணிக்கைக் குழுவை முதல் வாரமே கூப்பிட்டு உட்காரவைப்பதுதான் புத்தி. எழுதியவரே தனியாக ஒப்புதல் தரக் கூடாது, யார் எப்போது என்ன மாற்றினார் என்ற பதிவு வேண்டும் என்பவை அவர்களின் முக்கியக் கவலைகள். கட்டாய ரிவ்யூவும் பைப்லைன் பதிவும் அவற்றைப் படிவத்தைவிட நன்றாகவே நிரூபிக்கும். சின்ன மாற்றங்களை முதலில் கமிட்டியிலிருந்து விலக்கச் சொல்லுங்கள்; மற்றவை பின்னால் வரும்.

கோளாறு வந்தால் அழைக்கப்படுபவர்களின் ஆன்-கால் பட்டியலில் டெவலப்பர்களும் இருக்க வேண்டும். அதற்கு முன் அலெர்ட்டுகளைக் களையெடுங்கள். கூகுளின் எஸ்ஆர்இ (சேவைகளின் நம்பகத்தன்மையைப் பார்க்கும்) குழுவினர் 12 மணி நேர ஷிஃப்டுக்கு அதிகபட்சம் இரண்டு சம்பவங்கள் என்று வரம்பு சொல்கிறார்கள்.

நைட் கேபிடலிலும் எச்சரிக்கை வராமல் இல்லை. அன்று காலை 8:01 முதல் சந்தை திறக்கும்வரை, பவர் பெக்கின் பெயரையே சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயின. அவை அலெர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல; வந்தவுடன் படிக்கும் வழக்கமும் இல்லை. உங்கள் இன்பாக்ஸில் ரூல் போட்டுத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவைத்திருக்கும் சர்வர் மெயில்களைத் திறந்து வகைவகையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வகைக்கும் இரண்டே வழி: ஒருவரின் போன் அடிக்க வேண்டும், அல்லது அந்த மெயிலை அனுப்பும் வரியை அழிக்க வேண்டும்.